காடே போய்ப் பார்த்த கூடு

ஒரு காட்டில், பிள்ளைகளே, சிங்கமே கிடையாது. முகத்தைச் சுளிக்காதீர்கள். எல்லாக் காட்டுக்கும் சிங்கம் வாய்த்துவிடுமா என்ன? மழையும் அட்டையும் மண்டிக் கிடந்த அந்த மலைக்காட்டில் ராஜா என்று எவரும் இல்லை. ஆனால் நியாயம் சொல்ல ஒருவர் இருந்தார். அவர் ஒரு காட்டெருது.

பாறை போல உடம்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. புல்லும் தழையும் தவிர வேறெதையும் தின்னாதவர் என்பதால் மான்களுக்கு அவரிடம் பயமில்லை. கொம்பைப் பார்த்துவிட்டதால் சிறுத்தைக்கு அவரிடம் வாலாட்டத் துணிச்சலில்லை. எல்லாரும் அவரை எருதார் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

எருதாருக்கு இருந்தது ஒரே குணம்: நேர்மை. அது நல்லதுதானே என்கிறீர்களா? நல்லதுதான், நான் இல்லை என்றா சொன்னேன்? பொறுமையாகக் கேளுங்கள்.

அவருக்கு முன்னால் அங்கே நியாயம் சொன்னது ஒரு கிழட்டுச் சிறுத்தை. யார் முதலில் போய் அதன் காதைக் கடிக்கிறார்களோ அவர்கள் பக்கம் தீர்ப்பு. அப்படி முணுமுணுத்து முணுமுணுத்தே எத்தனையோ அப்பாவிகளை ஒழித்துக்கட்டினார்கள். அதையெல்லாம் பார்த்து வயிறு எரிந்த எருதார், தான் பொறுப்புக்கு வந்த அன்றே உப்புப் பாறைமேல் ஏறி நின்று முழங்கினார்.

"இனிமேல் காதில் சொல்வது சாட்சி இல்லை! எதுவானாலும் இந்தப் பாறையில், எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்ல வேண்டும். 'நான் அங்கே இருந்தேன்' என்று ஒருவன் சொன்னால் அந்த இடத்தை அவன் காட்ட வேண்டும். காடே கூடப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததுதான் சாட்சி!"

காடு ஆரவாரம் செய்தது. உப்புப் பாறை என்பது விலங்குகள் எல்லாம் உப்பு நக்க வரும் இடம். அங்கே யாரும் யாரையும் தொடுவதில்லை. அங்கே நின்று பேசினால் முயல்கூடத் தைரியமாகப் பேசலாம். அந்த வழக்கத்தால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். எருதாருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்காதா பின்னே?

இன்னொரு சட்டமும் அங்கே இருந்தது. பசிக்குக் கொன்றால் அது வேட்டை. கொன்றுவிட்டுத் தின்னாமல் போட்டுவிட்டுப் போனால் அது கொலை. கொலை செய்தவனை மலைக்கு அப்பால் துரத்திவிடுவார்கள். திரும்பி வந்தால் செந்நாய்க் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரம். செவ்வந்தி என்கிற மலையணில் வழக்கம் போல அத்திமரத்தின் உச்சியிலிருந்து "கிர்ர்ர்!" என்று கத்தினாள். எதிரி வந்தால் காட்டுக்கே எச்சரிக்கை கொடுக்கிற குரல் அது. அந்தக் குரல் பாதியில் நின்றது. எல்லாருக்கும் அது கேட்டது. வெயில் ஏறியபோது மரத்தடியில் அவள் செத்துக் கிடந்தாள். தொண்டை கிழிந்திருந்தது. ஒரு வாய்கூட யாரும் தின்றிருக்கவில்லை.

"கொலை! கொலை!" என்று கரிச்சான் காடு முழுக்கப் பறந்து கூவியது. இரட்டை வால் கொண்ட அந்தக் கறுப்புக் குருவிதான் எருதாருக்குச் சேவகன். கூட்டத்தைக் கூட்டுவதும், எருதார் எட்ட முடியாத இடத்தை எட்டிப் பார்த்துச் சொல்வதும் அதன் வேலை.

காயத்தைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம் என்று எருதார் குனிந்தார். அதற்குள் எறும்புகள் மொய்த்துவிட்டன. அலகு குத்தியதா, பல் கடித்ததா, நகம் கீறியதா, ஒன்றும் புரியவில்லை. மரப்பட்டையில் மட்டும் நகக் கீறல்கள் இருந்தன.

மூன்று பேர்மேல் சந்தேகம் விழுந்தது.

முதல் ஆள் உடும்பு. பிணத்துக்குப் பக்கத்தில் நாக்கை நீட்டி நீட்டி நின்றுகொண்டிருந்தது. கீறலுக்கு ஏற்ற நகமும் உண்டு.

இரண்டாவது ஆள் மரநாய். கழுத்தில் மஞ்சள் பூசினது போல இருக்கும், பேச்சு தேனாக இருக்கும், மரத்தில் ஏறினால் நிழல் அசைவது போல இருக்கும். அது இரை தேடிப் போகும்போதெல்லாம் செவ்வந்தி கத்தி அதன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஆள் அலகேசன் என்கிற இருவாச்சி. பெரிய மஞ்சள் அலகுள்ள பறவை, தெரியுமல்லவா? பறந்தால் காற்றை அறுக்கிற சத்தம் கேட்குமே, அதுதான். முதல் நாள்தான் அத்திப்பழத்துக்காக அவனுக்கும் செவ்வந்திக்கும் வாய்ச் சண்டை. "உன்னை ஒரு வழி பண்ணுகிறேன் பார்!" என்று அவன் கத்தியதைக் குரங்குக் கூட்டம் முழுவதும் கேட்டிருந்தது. போதாததற்கு அன்று காலையில் அவன் அலகு செக்கச்செவேல் என்று இருந்தது.

"அலகைப் பாருங்கள், ரத்தம்!" என்று கூச்சல் எழுந்தது. "பிடித்து வையுங்கள் அவனை!"

அலகேசன் சிறகை ஒடுக்கிக்கொண்டு பாறைமுன் வந்து நின்றான். "அய்யா, இது பழச்சாறு. நான் பழம் தின்கிற ஜாதி. என்னை விசாரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிடித்து மட்டும் வைத்துவிடாதீர்கள். என் மரகதம் பொந்துக்குள் அடைந்து கிடக்கிறாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவளுக்குச் சாப்பாடு."

இருவாச்சிகளின் குடித்தனம் அப்படி. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண்ணாலும் சகதியாலும் பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். குஞ்சு பெரிதாகும்வரை வெளியிலிருந்து ஊட்டுவது ஆணின் வேலை. அவன் வராவிட்டால் உள்ளே இருப்பவள் பட்டினிதான்.

எருதார் யோசித்தார். "குற்றம் உறுதியாகாதவரை யாரையும் பிடித்து வைக்கக் கூடாது. போய் ஊட்டிவிட்டு வா, அலகேசா. நீ வந்ததும் விசாரணை."

அவன் வானத்தைப் பார்த்து, யாரும் பின்தொடரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சுற்றி வளைத்துப் பறந்து போனான். சொன்னபடி திரும்பியும் வந்தான். அவன் வந்து உட்கார்ந்தபோது எருதாரின் மனம் குளிர்ந்தது. ஓடிப்போகிறவன் திரும்பி வருவானா? இவன் கொலைகாரன் இல்லை என்று அப்போதே அவருக்குப் பட்டது. ஆனால் பட்டதெல்லாம் சாட்சியாகுமா? அவரே போட்ட சட்டமாயிற்றே.

முதலில் உடும்பை எடுத்துக்கொண்டார். "நீ ஏன் பிணத்தருகே நின்றாய்?"

"வாசனை பிடித்து வந்தேன், அய்யா," என்றது உடும்பு. "என் ரத்தம் குளிர்ந்த ரத்தம். வெயில் முதுகில் படாதவரை நான் கல் மாதிரிக் கிடப்பேன். விடிகாலையில் மரமேறி அணிலைப் பிடிக்கிற தெம்பு இருந்தால் நான் ஏன் இப்படி எலும்பும் தோலுமாக இருக்கிறேன்?"

"எங்கே படுத்திருந்தாய்? காட்டு."

காடே போய்ப் பார்த்தது. ஈரப் பாறை இடுக்கில், இரவு பெய்த தூறலில் நனையாமல், உடும்பின் உடம்பு அளவுக்கு உலர்ந்த தடம் இருந்தது. அங்கிருந்து அத்திமரத்துக்குப் போன வால் தடம் வெயில் ஏறி உலரத் தொடங்கிய மண்ணின்மேல்தான் பதிந்திருந்தது. எருதார் திருப்தியோடு தலையசைத்தார். உடும்பு தப்பித்தது.

அடுத்து மரநாய். "விடிகாலையில் எங்கே இருந்தாய்?"

"தேன் குடிக்கப் போயிருந்தேன், அய்யா," என்றது மரநாய் பணிவாக. "மேட்டுப் பாறையில் ஒரு தேன்கூடு. வாருங்கள், காட்டுகிறேன். உங்கள் சட்டம் எனக்குத் தெரியாதா?"

காடே போனது. பாறைத் தொங்கலில் ஒரு கூடு உடைந்து கிடந்தது உண்மைதான். ஆனால் எருதார் கீழே சிதறிக் கிடந்த அடையை முகர்ந்து பார்த்தார். தேன் வாசனையே இல்லை. மெழுகு வறண்டு உதிர்ந்தது.

"இது பழைய கூடு போல இருக்கிறதே?"

"வெயில், அய்யா. மேட்டுப் பாறை வெயில் பொல்லாதது. மெழுகை ஒரு நொடியில் உலர்த்திவிடும்."

எருதார் அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தார். அது அவரைப் பார்த்து இமைக்காமல் நின்றது. இவன்தான் என்று அவர் உள்மனம் சொல்லிற்று. தேனீக்களைக் கேட்டால் தெரிந்துவிடும். அவை மலைக்கு அந்தப்புறம் குடிபெயர்ந்துவிட்டன. போய்க் கேட்டு வரக் கரிச்சானுக்கு மறுநாள் ஆகும்.

அதற்குள் அலகேசனை விடுவித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒருவன்தான் என்று எருதார் கணக்குப் போட்டார். அலகேசனைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. அவர் எண்ணத்தில் ஒரு குற்றமும் கிடையாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

"அலகேசா, விடிகாலையில் நீ எங்கே இருந்தாய்?"

"என் மரகதத்தோடு, அய்யா. பொந்து வாசலில்."

"அந்த இடத்தைக் காட்டு."

அலகேசன் ஓரடி பின்னுக்கு நகர்ந்தான். "அய்யா, அதை மட்டும் கேட்காதீர்கள். எங்கள் பொந்து எங்கே என்று இந்தக் காட்டில் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் தினமும் ஊரைச் சுற்றிக்கொண்டு பறக்கிறேன். உங்கள் காதில் மட்டும் சொல்கிறேன். நீங்கள் மட்டும் வாருங்கள், உங்கள் கண்ணாலேயே பாருங்கள்."

கூட்டம் ஹோவென்று கத்தியது. "காதில் சொல்வதா? பழைய சிறுத்தைக் காலம் திரும்புகிறதா?" அதில் எல்லாரையும்விட உரக்கக் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? மரநாய்தான்.

"அய்யா!" என்றது அது, கண்ணில் நீர் தளும்ப. "நான் என் இடத்தைக் காட்டினேன். உடும்பும் காட்டியது. இவனுக்கு மட்டும் தனிச் சட்டமா? நாளைக்கு ஏழை எலியும் முயலும் உங்களை நம்புமா?"

அந்தச் சொல் எருதாரைச் சரியான இடத்தில் குத்தியது. பக்கம் சாய்கிறவர் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருக்கு அன்றைக்குப் புல் இறங்காது.

"அலகேசா," என்றார், குரலைத் தாழ்த்தி. "புரிந்துகொள். உன்னைக் காப்பாற்றத்தான் கேட்கிறேன். சண்டை போட்டவன் நீ, சிவந்த அலகு உன்னுடையது. நீ காட்டாவிட்டால் இவர்கள் உன்னை மலைக்கு அப்பால் துரத்திவிடுவார்கள். பிறகு மரகதத்துக்கு யார் ஊட்டுவது?"

அலகேசன் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு காட்டைப் பார்த்தான். காட்டினாலும் ஆபத்து, காட்டாவிட்டால் பட்டினிச் சாவு. இப்படி ஒரு இக்கட்டை எந்தப் பகையாளிக்கும் நான் நினைக்கமாட்டேன்.

"வாருங்கள்," என்றான் கடைசியில்.

அன்றைக்குத்தான் அவன் முதல் தடவையாக நேராகப் பறந்தான்.

அடர்ந்த பள்ளத்தில் ஒரு பெரிய வெள்ளைக் குங்கிலிய மரம். பாதி உயரத்தில் பொந்து. வாசல் முழுக்க மண் பூச்சு. நடுவில் கீற்று. அதன் வழியாக ஒரு கண் எட்டிப் பார்த்தது. கீழே மானும் பன்றியும் குரங்கும் கீரியுமாக மொய்த்துக்கொண்டு நின்ற கூட்டத்தைக் கண்டு அந்தக் கண் பெரிதாக விரிந்தது.

"என்னங்க இது?" என்றாள் மரகதம் உள்ளிருந்து. "ஏன் இத்தனை பேரைக் கூட்டிவந்தீர்கள்?"

அலகேசன் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து தலையைத் திருப்பிக்கொண்டான்.

எருதார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பயப்படாதே, அம்மா. உன் கணவனுக்காகத்தான் வந்திருக்கிறோம். விடிகாலையில் அவன் எங்கே இருந்தான்?"

"இங்கேதான் இருந்தார், அய்யா. செவ்வந்தி கத்தின சத்தம் கேட்டபோது என் வாயில் அத்திப்பழம் வைத்துக்கொண்டிருந்தார்."

"பெண்டாட்டி சாட்சி சொன்னால் எடுபடுமா?" என்று கூட்டத்தில் ஒரு பன்றி உறுமியது. எருதார் அதையும் நியாயமான கேள்வி என்றே எடுத்துக்கொண்டார். அவர் எந்தக் கேள்வியையும் விடுகிறவர் இல்லை.

"அம்மா, நீயே வெளியே போய்ச் செவ்வந்தியைத் தீர்த்துக்கட்டிவிட்டு உள்ளே வந்து அடைத்துக்கொண்டிருக்கலாம் என்று யாராவது கேட்டால்?"

உள்ளே ஒரு கசந்த சிரிப்பு கேட்டது. "எப்படிப் போவேன், அய்யா? அடைகாக்க உட்கார்ந்ததும் என் சிறகெல்லாம் உதிர்ந்துவிட்டது. இப்போது என்னால் ஒரு முழம்கூடப் பறக்க முடியாது. குஞ்சு வேறு பொரித்திருக்கிறது. கண்கூடத் திறக்கவில்லை."

"நல்லது, நல்லது," என்றார் எருதார். ஒரு சந்தேகம் தீர்ந்தது. கூட்டத்தின் ஓரத்தில் மரநாய் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இனி நீ இங்கே இருந்ததற்கு ஒரு தடயம் வேண்டும், அலகேசா. சொல்லுக்கு வெளியே ஏதாவது."

அலகேசன் தயங்கினான். "இரவுத் தூறலில் வாசலின் கீழ்ப்பக்கம் கரைந்துவிட்டது, அய்யா. விடிகாலையில்தான் புது மண் கொண்டுவந்து பூசினேன். அதற்குத்தான் காதில் சொல்கிறேன் என்றேன்..." அவன் பார்வை கூட்டத்தின் ஓரத்துக்குப் போயிற்று.

"கரிச்சான்! போய்ப் பார்."

கரிச்சான் பறந்து போய் வாசலின் ஓரத்தில் தொற்றியது. அலகால் மெல்லத் தட்டிப் பார்த்தது. உடனே இறங்கி வந்து எருதாரின் கொம்பில் உட்கார்ந்து, "அய்யா, காதைக் கொடுங்கள்," என்று கிசுகிசுத்தது. "பார்த்துவிட்டேன். அவன் சொன்னது உண்மை. ஆனால் அதை இங்கே சொல்வது நல்லதாகப் படவில்லை. கூட்டத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்."

எருதாருக்கு மூக்கு விடைத்தது. "என் சேவகனே காதைக் கடிக்கிறாயா? உரக்கச் சொல்!"

கரிச்சான் கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னது.

"மேல்பக்கம் கல்லாக இறுகியிருக்கிறது! கீழ்ப்பக்கம் புது மண்! இன்னும் ஈரம்! தட்டினால் அலகு உள்ளே இறங்குகிறது!"

"ஆக, அவன் விடிகாலையில் இங்கே இருந்தது நிச்சயம்!" என்று எருதார் முழங்கினார். "ஈர மண்ணே சாட்சி! அலகேசன் மேல் குற்றமில்லை என்று நினைக்கிறேன். தேனீக்களின் சொல் வந்ததும் நாளைக் காலை முறைப்படி தீர்ப்புச் சொல்வேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். கையில்லாதவர்கள் காலைத் தட்டினார்கள். என்ன அருமையான விசாரணை! ஒரு ஓட்டை உண்டா அதில்? இருந்த ஒரே ஓட்டையையும் காட்டுக்கே படித்துக் காட்டியாயிற்று.

கரிச்சான் தேனீக்களைத் தேடி மலைக்கு அந்தப்புறம் பறந்தது. கூட்டம் கலையத் தொடங்கியது. அலகேசன் தரையில் இறங்கி எருதாரின் முன்னங்காலருகே வந்து நின்றான். இருவாச்சி தரையில் இறங்குவது அபூர்வம்.

"அய்யா, மிச்சமிருப்பது மரநாய் ஒருவன்தான் என்று உங்களுக்கே தெரியும். கரிச்சான் திரும்புகிறவரை அவனைப் பிடித்து வையுங்கள். ஒரு பொழுது போதும். மண் காய்ந்துவிட்டால் பிறகு யாராலும் உடைக்க முடியாது."

மரநாய் அதைக் கேட்டுக்கொண்டே வந்தது. "அய்யா, காலையில் இவன்மேல் சந்தேகம் இருந்தபோது இவனைப் பிடித்து வைத்தீர்களா? போய் ஊட்டிவிட்டு வா என்று அனுப்பினீர்கள். குற்றம் உறுதியாகாதவரை பிடிக்கக் கூடாது என்று இந்த வாயால்தானே சொன்னீர்கள்? அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

எருதார் திகைத்துப் போனார். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருந்தது.

"சரி," என்றார் கனத்த குரலில். "நீயும் வீட்டுக்குப் போ. காலையில் வந்துவிட வேண்டும்."

"வராமல் எங்கே போவேன், அய்யா?" மரநாய் அடக்கமாகத் தலை தாழ்த்தியது. போகிற போக்கில் பொந்தை அண்ணாந்து பார்த்து, "என்ன நேர்த்தியான வேலை!" என்று மெச்சிவிட்டுப் போனது.

அலகேசன் பறந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டான். ஈர மண்மேல் தன் நெஞ்சை வைத்து அழுத்திக்கொண்டான், தன் சூட்டில் அது சீக்கிரம் காயட்டும் என்று.

எருதார் திரும்பி நடந்தார். நடக்கும்போது அவருக்கு ஒன்று தோன்றியது. அந்த மரத்தடியிலேயே தான் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன? கொம்பைக் கண்டால் எவன் வருவான்? அப்படியே நின்றார். திரும்பக்கூடத் திரும்பினார். பிறகு, "நியாயம் சொல்கிறவன் ஒரு கட்சிக்காரன் வீட்டு வாசலில் படுத்தால் நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள்?" என்று நினைத்துக்கொண்டார். நடையைக் கட்டினார்.

போயிருக்கலாம், பிள்ளைகளே. நாலு பேர் என்னதான் பேசிவிடுவார்கள்? போய்ப் படுத்திருக்கலாம்.

மறுநாள் காலையில் கரிச்சான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. "அய்யா! தேனீக்கள் சொல்லிவிட்டன. அந்தக் கூட்டை அவை விட்டுப் போய் எத்தனையோ காலமாயிற்றாம். துளித் தேனும் அதில் இல்லையாம். மரநாய் சொன்னது பச்சைப் பொய்!"

எருதாரின் நெஞ்சு நிமிர்ந்தது. வழக்கு முடிந்தது. எத்தனை சுத்தமாக முடிந்தது! "கூட்டத்தைக் கூட்டு," என்றார்.

எல்லாரும் வந்தார்கள். உடும்பும் வெயில் காய்ந்துவிட்டு வந்து சேர்ந்தது. மரநாய் வரவில்லை. அலகேசனும் வரவில்லை.

எருதார் பள்ளத்தை நோக்கி ஓடினார். அந்தப் பெரிய உடம்பு ஓடினதை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. காடும் பின்னாலேயே ஓடியது.

பொந்தின் மேல்பக்கம் கல்லாக அப்படியே இருந்தது. கீழ்ப்பக்கம் பிய்ந்து போயிருந்தது. மரப்பட்டையில், அத்திமரத்தில் பார்த்த அதே கீறல்கள். உடைந்த மண்ணில் மஞ்சள் மயிர் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வேர்களுக்கிடையே சில இறகுகள். வேறொன்றும் இல்லை.

நேற்று தேடியும் கிடைக்காத தடயமெல்லாம் இன்று அங்கே குறைவில்லாமல் இருந்தது.

அலகேசனின் ஒரு சிறகு கிழிந்து தொங்கியது. நெஞ்சில் காயம். ஆனாலும் அவன் வாசலில் தொற்றிக்கொண்டுதான் இருந்தான். தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை வரவழைத்து, அலகு நுனியில் வைத்து, கீற்று வழியாக உள்ளே நீட்டினான். வாங்கிக்கொள்ள யாருமில்லை. பழம் உள்ளே விழுந்து, கீழே உடைந்திருந்த ஓட்டை வழியாக உருண்டு தரையில் விழுந்தது. அவன் அடுத்த பழத்தை எடுத்தான். அதுவும் விழுந்தது. எருதாரின் குளம்பருகே அப்படிச் சில பழங்கள் கிடந்தன.

நேற்று கை தட்டியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"தேடுங்கள் அந்தப் பாவியை!" என்று எருதார் கத்தினார். குரங்குகள் உச்சிக் கிளைவரை ஏறிப் பார்த்தன. மரநாய் எப்போதோ மலை தாண்டிவிட்டிருந்தது. தாண்டியவனைத் தேடி அடுத்த காட்டுக்குப் போக அந்தக் காட்டின் சட்டத்தில் இடமில்லை.

"அய்யா," என்றது உடும்பு மெல்ல. "செவ்வந்தியைக் கொன்றதற்குத் தண்டனை மலை தாண்டிப் போனதோடு சரி. இந்தத் தாய்க்கும் குஞ்சுக்கும்?"

எருதார் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மரநாய் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. தின்றிருந்தது. தின்றால் வேட்டை. வேட்டைக்கு வழக்கே கிடையாது.

என்ன செய்வதென்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒன்றை அவர் செய்தார். தலையை நிமிர்த்தி, எல்லார் காதிலும் விழும்படி தீர்ப்புச் சொன்னார்.

"செவ்வந்தியைக் கொன்றது மரநாய். சாட்சிகள் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிவிட்டன. இருவாச்சி அலகேசன் குற்றமற்றவன்."

அலகேசன் அப்போதுதான் கீழே குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் எருதாரால் தாங்கியிருக்க முடியும்.

"அது எனக்கு நேற்றே தெரியும், அய்யா," என்றான்.

பிறகு திரும்பிக்கொண்டு, அடுத்த பழத்தைக் கீற்றுக்குள் நீட்டினான்.

எருதார் அங்கேயே நின்றார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்து போனது. அவர் போகவில்லை. நேற்று படுக்காமல் விட்ட அந்த மரத்தடியில் மெல்லக் காலை மடக்கிப் படுத்தார். பழம் ஒன்று அவர் முதுகில் விழுந்து உருண்டது.

நீதி: உண்மையைக் கேட்கும்முன், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது யார் என்று பார்; அப்பாவியைக் காப்பாற்றத் திறக்கும் கதவு வழியாகவே கொலைகாரனும் நுழைவான்.